சுபேதாருக்கு நிகர் யார்?

ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிகளின் தெருக்களில் வீட்டு வாசல் பெயர்ப்பலகைகளை வரிசையாக வாசித்துச் சென்றால், இந்தியப் படைகளின் பதவி அடுக்கில் பாதியைத் தெரிந்துகொண்டுவிடலாம். ஒரு வாசலில் 'சுபேதார் மேஜர் (ஓய்வு)', இன்னொன்றில் 'மாஸ்டர் வாரண்ட் ஆபீசர்', மூன்றாவதில் 'ஹானரரி கேப்டன்'. வியப்பதற்கில்லை. டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையும், படைவீரர்களுக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையும், விமானப்படை நிலையமும், மத்திய ரிசர்வ் போலீஸ் படை முகாமும், தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் அணிகளும் அடுத்தடுத்து அமைந்த ஊர் அது. ஆவடி என்ற பெயரே டாங்கிகளையும் வெடிபொருள் கிடங்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்தாம் என்று நம்புவோர் இன்றும் உண்டு. முதல் விஜயந்தா டாங்கி அங்கே உருவாகி வெளிவந்தது 1965இல். அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 1955இல், காங்கிரஸ் மகாசபை கூடிய இடமாக ஆவடியின் பெயர் நாடெங்கும் தெரிந்திருந்தது. பக்கத்திலுள்ள பூந்தமல்லியோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரிட்டிஷ் துருப்புகளின் தங்குமுகாம்.

இத்தகைய ஊர்களில் பதவிகளை ஒப்பிடுவது அன்றாடப் பேச்சு. விமானப்படையின் மாஸ்டர் வாரண்ட் ஆபீசரும் தரைப்படையின் சுபேதார் மேஜரும் ஒரே நிலையினர். ஹானரரி கேப்டன் என்பவர் நெடுங்காலம் பணியாற்றி, ஓய்வை ஒட்டி அந்த மதிப்பைப் பெற்றவர். இருபத்தைந்து வயதில் கேப்டன் ஆனவரோடு அவரைச் சேர்த்து எண்ணலாகாது. இவையெல்லாம் அமைதிக்கால வழக்குகள். தவறாகச் சொன்னால் ஒருவருக்கு மனவருத்தம் உண்டாகும், அவ்வளவுதான். போர்க்காலத்தில், அதுவும் இரு வேறு நாட்டுப் படைகளின் பதவிகளை எதிரெதிரே வைக்கும்போது, அந்த ஒப்பீடு யாருக்கு என்ன உணவு, என்ன வேலை, எத்தனை காசு, எத்தகைய கல்லறை என்பதைத் தீர்மானிக்கும் காரியமாகிவிடுகிறது. போர் இலக்கியத்தை வாசிப்பவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் இதைக் கவனிப்பதில்லை என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. அதைச் சற்று விரித்துச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் பெயர்களின் மயக்கத்தைப் பார்ப்போம். தரைப்படையில் கேப்டன் இளநிலை அதிகாரி. கடற்படையில் கேப்டன் கர்னலுக்கு நிகர். விமானப்படையில் 'குரூப் கேப்டன்' என்றாலும் கர்னலே. கடற்படையின் லெப்டினன்ட் தரைப்படையின் கேப்டனுக்குச் சமம். லெப்டினன்டைவிட மேஜர் பெரியவர். ஆனால் மேஜர் ஜெனரலைவிட லெப்டினன்ட் ஜெனரல் பெரியவர். பழைய ஐரோப்பியப் படைகளில் 'சார்ஜன்ட் மேஜர் ஜெனரல்' என்றிருந்த பெயரில் சார்ஜன்ட் உதிர்ந்துபோனதால் வந்த வினை இது. நாடு மாறினால் மயக்கம் இன்னும் கூடும். இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானியப் படையில் ஜெனரல்களில் கடைநிலை 'ஜெனரல்மேஜர்'. பிரிட்டிஷ் படையில் அவருக்கு நேர் நிற்பவர் பிரிகேடியர். அவரை எழுத்துக்கு எழுத்து 'மேஜர் ஜெனரல்' என்று தமிழில் பெயர்த்துவிட்டால், மொழிபெயர்ப்பாளர் போகிற போக்கில் ஒரு பதவி உயர்வு கொடுத்துவிடுகிறார்.

கூட்டாளிகளுக்குள்ளேயே இந்த ஒப்பீடு சங்கடம் தந்ததுண்டு. 1944 செப்டம்பர் முதல் நாள் மாண்ட்கோமரி பீல்டு மார்ஷல் ஆனார். அவருக்குக் கட்டளையிடும் இடத்திலிருந்த ஐசனோவர் அப்போது வெறும் ஜெனரல். பீல்டு மார்ஷலுக்கு நிகரான பதவியே அமெரிக்கப் படையில் அன்று இல்லை. அவ்வாண்டு டிசம்பரில் ஐந்து நட்சத்திரப் பதவியை அமெரிக்கா உண்டாக்கிக்கொண்டது. கட்டளையிடுகிறவன் கேட்கிறவனைவிடக் கீழே நிற்கக் கூடாது என்பதற்காக ஒரு நாடு புதிய பதவியையே படைக்க வேண்டியிருந்தது. ஸ்டாலின்கிராடில் பவுலஸுக்கு நேர்ந்தது வேறு. 1943 ஜனவரி 30 அன்று ஹிட்லர் அவரை பீல்டு மார்ஷல் ஆக்கினார். ஜெர்மானிய பீல்டு மார்ஷல் எவரும் அதுவரை எதிரியிடம் சரணடைந்ததில்லை. நீயும் அடையாதே, அதற்குமுன் உயிரை விட்டுவிடு என்பதே அந்தப் பதவி உயர்வின் பொருள். மறுநாள் அவர் சரணடைந்தார்.

பதவிகளைப் பட்டியலிட்டு நிகர் பார்க்கும் ஆசை படைகளோடு நிற்பதில்லை. ருஷ்யாவில் முதலாம் பீட்டர் 1722இல் வகுத்த பதினான்கு படிநிலைகள் கொண்ட அட்டவணை, அரசு ஊழியர்களையும் படை அதிகாரிகளையும் ஒரே ஏணியில் ஏற்றி வைத்தது. கோகலின் 'மூக்கு' கதையில் வரும் கொவல்யோவ் எட்டாம் படிநிலையிலுள்ள குடிமைப் பணி அதிகாரி. அந்தப் படிக்கு நேரான படைப் பதவி மேஜர் என்பதால் எல்லோரிடமும் தன்னை 'மேஜர்' என்றே சொல்லிக்கொள்கிறான். நமக்கு இது புதிதா? போர்முனையைப் பாராத கேப்டன்களும் தளபதிகளும் நம் திரையுலகிலும் அரசியலிலும் உலாவருவது பழகிப்போன ஒன்று. சொல்லின் மினுக்கு, அதன் பொறுப்பைத் துறந்துவிட்டுத் தனியே வாழும் வல்லமை கொண்டது.

எதிரிகளுக்கு இடையிலான ஒப்பீட்டுக்கு வருவோம். போர்க்கைதிகள் பற்றிய 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையில் 21ஆம் பிரிவு, போர் தொடங்கியதும் இரு தரப்பும் தத்தம் படைகளில் வழங்கும் பதவிகளை ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்ள வேண்டும் என்கிறது. சமநிலையிலுள்ள கைதிகளைச் சமமாக நடத்துவதற்காகவே இந்த ஏற்பாடு. 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையில் அது 43ஆம் பிரிவாகத் தொடர்கிறது. ஒருவரையொருவர் கொல்லத் தொடங்கும் வேளையில் பதவிப் பட்டியலைப் பரிமாறிக்கொள்வது வேடிக்கையாகத் தோன்றலாம். பட்டியலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தால் வேடிக்கை மறைந்துவிடும். 1949 உடன்படிக்கையின்படி கைதியான அதிகாரியை வேலை செய்யக் கட்டாயப்படுத்தலாகாது. அவருக்குக் கீழுள்ள ஹவில்தார் போன்றோருக்கு மேற்பார்வை வேலை மட்டுமே தரலாம். சிப்பாய் உழைத்தே ஆக வேண்டும். மாதந்தோறும் தர வேண்டிய முன்பணத்துக்கும் படி உண்டு. சார்ஜன்டுக்குக் கீழுள்ளவருக்கு 8 சுவிஸ் பிராங்க், சார்ஜன்ட் நிலையினருக்கு 12, வாரண்ட் ஆபீசர் முதல் கேப்டன் வரை 50, மேஜர் முதல் கர்னல் வரை 60, ஜெனரலுக்கு 75. பன்னிரண்டுக்கும் ஐம்பதுக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியைக் கவனியுங்கள். கோடு எங்கே விழுகிறது, அதற்கு எந்தப் பக்கம் ஒருவன் நிற்கிறான் என்பதே கேள்வி.

அந்தக் கேள்விக்கு எளிதில் விடை கிடைக்காத ஆள்தான் நம் சுபேதார்.

முகலாயர் ஆட்சியில் சுபேதார் என்றால் ஒரு சுபாவின், அதாவது மாகாணத்தின், ஆளுநர். ஆற்காட்டு நவாபே தக்காணத்துச் சுபேதாருக்கு அடங்கியவர். கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிப்பாய்ப் படைகளை அமைத்தபோது இந்தச் சொல்லை எடுத்து, ஒரு கம்பெனிச் சிப்பாய்களுக்குத் தலைமை தாங்கும் இந்தியனுக்குச் சூட்டியது. நாடாண்ட நாயக்கர்களின் பட்டமும், 'நாயக்' என்ற வடிவில், ஒரு சிறு குழுவுக்குப் பொறுப்பான கீழ்நிலைப் பதவியாயிற்று. குதிரைப்படையில் ஹவில்தாருக்கு நிகராயிருந்த தபேதாரை நாம் இன்று வேறிடத்தில் காண்கிறோம். நீதிபதிக்கும் கலெக்டருக்கும் முன்னால் பட்டையணிந்து வழிவிலக்கிச் செல்லும் ஊழியரின் பெயராக அது எஞ்சியிருக்கிறது. நேற்றுவரை அதிகாரத்தைக் குறித்த சொற்கள், சற்றுக் குறைந்த மாற்றில் அச்சடித்த நாணயங்களைப் போல, புழக்கத்தில் விடப்பட்டன.

தொடக்கத்தில் இந்தத் தாழ்வு இவ்வளவு வெளிப்படையாக இருக்கவில்லை. 1750களில் யூசுப்கான் கம்பெனியின் சிப்பாய்களுக்கெல்லாம் கமாண்டன்டாக இருந்தான். மதுரைச் சீமையின் கதைப்பாடல் மரபு அவனைக் 'கம்மந்தான்' ஆக்கித் தனதாக்கிக்கொண்டது. 1764 அக்டோபரில் அவனைத் தூக்கிலிட்டார்கள். இந்தியன் ஒருவன் அத்தனை உயரத்தில் நிற்பது கம்பெனிக்கு எவ்வளவு அச்சம் தந்தது என்பதற்கு அவன் முடிவே சான்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஒவ்வொரு சிப்பாய்ப் பட்டாளத்திலும் வெள்ளை அதிகாரிகளின் எண்ணிக்கை கூட்டப்பட்டது. சுபேதார் மேலே ஏற வழியின்றிப் போயிற்று.

இரண்டு உலகப் போர்களிலும் நிலைமை இதுதான். சுபேதாரும் ஜமேதாரும் வைசிராயின் கமிஷன் பெற்றவர்கள். இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்டிலிருந்து வந்தவர்களோ அரசரின் கமிஷன் பெற்றவர்கள். முப்பதாண்டு பணியாற்றி, நெஞ்சு நிறையப் பதக்கம் தாங்கிய சுபேதார் மேஜரானாலும், நேற்று வந்திறங்கிய பத்தொன்பது வயது செகண்ட் லெப்டினன்டுக்குக் கீழேதான் நிற்க வேண்டும். இந்தியச் சிப்பாய்கள் அவரை 'சாகிப்' என்றழைத்து வணங்குவார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்க்கு அவரை வணங்கும் கடமை கிடையாது. அவருடைய அதிகாரம் இந்தியத் துருப்புகளின் எல்லையோடு முடிந்தது. செய்யும் வேலையைப் பார்த்தால், பிரிட்டிஷ் படையில் இளம் லெப்டினன்ட் ஒருவர் நடத்தும் முப்பது பேர் கொண்ட பிளட்டூனைத்தான் இங்கே அவர் நடத்தினார். அப்படியானால் அவர் அதிகாரியா, அல்லரா? வேலையைக் கேட்டால் ஆம். தோலின் நிறத்தைக் கேட்டால் இல்லை. ஜெனீவா பட்டியலில் அவருக்கு நேரே ஒரு பெயரை எழுத எவர் முயன்றாலும், பிரிட்டன் சொல்ல விரும்பாத ஒன்றை எழுதியே தீர வேண்டும். உலகின் எந்தச் சுதந்திர நாட்டுப் படையிலும் அவருக்குச் சரியான நிகர் கிடையாது. ஏனெனில் அந்தப் பதவியை உண்டாக்கியது படையின் தேவையன்று, ஆட்சியின் தேவை.

சுதந்திரத்துக்குப் பின் இந்தியாவும் பாகிஸ்தானும் இப்பதவியை ஒழிக்கவில்லை. பெயரை மாற்றி, இளநிலை கமிஷன் அதிகாரி என்று வைத்துக்கொண்டன. 1965இல் இந்தியாவில் ஜமேதார் நாயப் சுபேதார் ஆனார். 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் லெப்டினன்ட் ஜெனரல் நியாஸி, லெப்டினன்ட் ஜெனரல் அரோராவிடம் சரணடைந்தபோது ஒப்பீட்டுப் பட்டியல் எதுவும் தேவைப்படவில்லை. இரு தரப்பிலும் ஒரே ஏணி. சுபேதாருக்கு நிகர் சுபேதார். பொது எஜமானன் விட்டுச்சென்ற ஏணி அது என்பதை நினைத்தால்தான் மனம் கசக்கிறது.

அங்கீகாரம் பெறாத படைகளின் கதை இன்னொரு விதம். 1/14 பஞ்சாப் பட்டாளத்தின் கேப்டன் மோகன் சிங் இந்திய தேசிய ராணுவத்தில் ஜெனரல் ஆனார். கேப்டன் ஷா நவாஸ் கான் மேஜர் ஜெனரல் ஆனார். 1945 நவம்பரில் செங்கோட்டையில் விசாரணை தொடங்கியபோது, பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றத்தின் பார்வையில் குற்றவாளிகள் கேப்டன் ஷா நவாஸ் கான், கேப்டன் சைகல், லெப்டினன்ட் தில்லான் மட்டுமே. பழைய பதவியைச் சொல்லி அழைப்பதற்குள்ளேயே வழக்கின் சாரம் அடங்கிவிட்டது. மேஜர் ஜெனரல் என்று ஒப்புக்கொண்டால் எதிரே நிற்பது ஒரு படை. கேப்டன் என்றழைத்தால் எஜமானுக்குத் துரோகம் செய்த ஊழியன். பூலாபாய் தேசாயின் வாதமும் இந்த முடிச்சைத்தான் பற்றியது. அரசு ஒன்றின் சார்பில் முறைப்படி போர் செய்த படையினர் இவர்கள் என்பதே அவர் நிலைநாட்ட முயன்றது. பின்னர் வந்த சுதந்திர இந்தியாவும் இவர்களைத் தன் படையில் மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. மக்கள் மட்டும் வேறு பட்டியல் வைத்திருந்தார்கள். சென்னையில் மருத்துவம் பயின்ற லட்சுமி சுவாமிநாதன் 2012இல் மறையும்வரை அவர்களுக்குக் கேப்டன் லட்சுமிதான்.

இலங்கைப் போரில் இதே ஆங்கிலப் பதவிகள் இரு தரப்பிலும் வழங்கின. ஈழத்தமிழ் அவற்றைக் கேணல், கப்டன், லெப்டினன்ட் கேணல் என்று எழுதியது. நாம் கர்னல், கேப்டன் என்கிறோம். அரசுப் படையில் அவை உயிரோடிருப்பவரின் கட்டளை எல்லையைக் குறித்தன. விடுதலைப் புலிகளிடம் அவை பெரும்பாலும் இறந்தவருக்குப் பின்னர் சூட்டப்பட்டன. 1987 செப்டம்பரில் உண்ணாவிரதமிருந்து மாண்ட திலீபனின் பெயருக்கு முன்னால் லெப்டினன்ட் கேணல் என்ற பதவி நிற்கிறது. அதை ஒரு பட்டாளத்தின் தலைவருக்கு நேரே வைத்து எப்படி ஒப்பிடுவது? ஒன்று கட்டளையின் அளவு, மற்றது நினைவின் அளவு. அந்தப் போர் பற்றி யாருடைய கருத்து எதுவாக இருப்பினும், அதைப் பற்றி எழுதுகிறவர் ஒரே சொல் இரண்டு வேலை செய்வதைக் கண்டுகொள்ளாமல் எழுத முடியாது.

இவ்வளவும் பட்டியலுக்குள் இருப்பவர்களின் வழக்கு. பட்டியலில் இடமே இல்லாதவர்களைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். 1942-43இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டார்கள். அதில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் உழைத்தனர்; பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1929 உடன்படிக்கையை ஜப்பான் கையெழுத்திட்டும் உறுதிசெய்யவில்லை. இயன்றவரை பின்பற்றுவதாகச் சொல்லிவிட்டுக் கொடுமையாக மீறியது. ஆனால் மீறப்பட்டது என்று சொல்வதற்காவது அங்கே ஒரு சட்டம் இருந்தது. அதே பாதையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களும், பர்மியரும், ஜாவானியரும், மலாய்க்காரரும், சீனரும் உழைத்தார்கள். ஆசியத் தொழிலாளர் இரண்டு லட்சத்துக்கு மேல் என்றும், மாண்டவர் தொண்ணூறாயிரம் அளவில் என்றும் மதிப்பிடுகிறார்கள். அவர்களுக்குப் பதவி இல்லை. சிப்பாய்கூட இல்லை. ஆகவே அவர்கள் கைதிகளும் இல்லை. எட்டு பிராங்குக்கும் கீழே ஒரு படி உண்டு என்றால் அது இதுதான். காஞ்சனபுரியின் போர்க்கல்லறையில் ஏறத்தாழ ஏழாயிரம் கைதிகள் பெயரோடும் பட்டாளத்தோடும் பதவியோடும் துயில்கிறார்கள். அந்தத் தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது.

பதவி வேறுபாடுகளையே ஒழித்துவிடலாமே என்று நண்பர்கள் கேட்கலாம். முயன்று பார்த்திருக்கிறார்கள். ருஷ்யப் புரட்சி பழைய பதவிகளைத் துடைத்தெறிந்தது. 1935இல் பதவிப் பெயர்களும், 1943இல் தோள்பட்டைகளும் 'அதிகாரி' என்ற சொல்லும் திரும்பி வந்தன. சீனா 1965இல் பதவிகளை நீக்கியது. 1979இல் வியட்நாமோடு அப்படியே போரிட்டது. 1988இல் மீண்டும் கொண்டுவந்தது. கட்டளை இருக்கும்வரை அதற்கு ஒரு பெயரும் இருக்கும். ஒழிக்க வேண்டியது பெயரை அன்று. பெயரைக் கொண்டு மனிதனின் விலையை நிறுக்கும் வழக்கத்தை.

பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி செல்லும் சாலையில், நந்தம்பாக்கத்தில், 1952இல் அமைக்கப்பட்ட போர்க்கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் மாண்ட எண்ணூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கமாகியுள்ளனர். அதிகாரியானாலும் சிப்பாயானாலும் ஒரே அளவுக் கல். மரணத்தில் பதவி வேறுபாடு கூடாது என்பது அத்தோட்டங்களைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் கொள்கை. உயர்ந்த கொள்கைதான். முதல் உலகப் போரின் நினைவாக எழுப்பிய பாஸ்ரா நினைவுச்சின்னத்திலோ இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்தார்கள். இந்தியச் சிப்பாய்களைப் பட்டாளவாரியாக எண்ணிக்கையில் முடித்துவிட்டார்கள். அப்போரில் மாண்ட ஆப்பிரிக்க, ஆசிய வீரர்களில் குறைந்தது 1,16,000 பேருடைய பெயர்கள் எங்குமே பொறிக்கப்படவில்லை என்று ஆணையமே 2021இல் ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. சுபேதாருக்குப் பெயர் கிடைத்தது. சிப்பாய்க்கு எண் கிடைத்தது. தோட்டத் தொழிலாளிக்கு அதுவும் தோராயமாகத்தான்.

ஆகவே போர்க்கதைகளைத் தமிழில் எழுதுவோரிடமும் பெயர்ப்போரிடமும் ஒரு வேண்டுகோள். பதவிகள் அனைத்தையும் 'தளபதி' என்ற ஒரே கரண்டியால் அள்ளிப் பரிமாறாதீர்கள். ஏனாதி, தண்டநாயகன், தளவாய் என்ற அருமையான சொற்கள் நம்மிடம் உண்டு. அவை தத்தம் காலத்துப் படைகளுக்கு உரியவை, ஜெர்மானிய மேஜருக்குப் போர்த்த வேண்டிய பொன்னாடைகள் அல்ல. மூலத்தின் பதவிப் பெயரை அப்படியே வையுங்கள். அவன் எத்தனை பேரை நடத்தினான், யாரை வணங்கினான், யார் அவனை வணங்க மறுத்தார்கள் என்பதைக் கதைக்குள் வாசகனுக்குத் தெரியச் செய்யுங்கள். பதவியே இல்லாத ஒருவன் அந்தப் பக்கமாக மண் சுமந்து சென்றால், அவனுக்கு ஒரு பெயரேனும் கொடுங்கள்.